ஆறு பயிற்சி ரவைகள்

நீ ஒன்றும் கதைக்க வேண்டாம், பிள்ளை. உள்ளே போகும் வரைக்கும் என்னோடு கதைக்கக் கூடாது என்று உனக்குச் சட்டம் இருக்கிறது என்கிறாய், சரி. எனக்கு அப்படி ஒரு சட்டமும் இல்லைத்தானே? நான் கதைக்கிறேன். நீ அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு இரு. காது திறந்திருந்தால் அது உன் குற்றமா?

அந்தப் பொலிஸ்காரப் பிள்ளை பத்து விரலையும் இரண்டு தரம் விரித்துக் காட்டிவிட்டுப் போனாள். இருபது நிமிடம். இந்த நாட்டில் இருபது நிமிடம் என்றால் இருபது நிமிடம்தான். எங்கட ஊர்ப் பொலிஸ் என்றால் நாங்கள் இதற்குள் சமைத்துச் சாப்பிட்டு ஒரு நித்திரையும் கொண்டிருக்கலாம்.

நீ எந்த ஊர்? ஓ, அதுவும் சொல்லக் கூடாதோ. சரி விடு. முகத்தைப் பார்த்தால் வடமராட்சிப் பக்கம் போல இருக்கிறது. நான் கொடிகாமம். அதை நான் சொல்லலாம்.

மொழிபெயர்க்க வந்த பிள்ளை நீ, உள்ளே போனால் நான் சொல்வதை அப்படியே அவளின் பாஷையில் அவளுக்குச் சொல்வாய். கூட்டவும் மாட்டாய், குறைக்கவும் மாட்டாய். நான் இருமினால் அதையும் இருமிக் காட்டுவாயோ? பார், சிரிப்பு வருகிறது. சிரிக்கிறதுக்குச் சட்டம் இல்லைப் போல.

ஆனால் இந்த வாங்கில் குந்தியிருந்து சொல்வது இந்த வாங்கோடு போகும், என்ன? தலையை ஆட்டுகிறாயா இல்லையா என்று தெரியவில்லை. ஆட்டினாய் என்றே வைத்துக்கொள்கிறேன்.

மகன் வெளியே காரில் இருக்கிறான். நீ வரும்போது பார்த்திருப்பாய், நீலக் கார். உள்ளே வந்து இருக்கக் கூடாதாம். அவனுடைய வழக்குத்தானே. ரூபன் என்று பெயர். நிமலரூபன். எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் கனடாவில் குடும்பமாக இருக்கிறாள். இவன் இளையவன். நாற்பத்திரண்டு வயது. கல்யாணம் பேசிப் பேசிப் பார்த்தேன், ஒன்றும் சரிவரவில்லை. தகப்பன் போய் நாலு வருடம். அந்தப் பெரிய மர வீட்டில் நானும் அவனும்தான். பக்கத்து வீட்டுக்குப் போவதென்றால் இரண்டு வளைவு நடக்க வேண்டும். பனி விழுந்தால் அதுவும் இல்லை. காலையில் அவன் மர ஆலைக்கு வேலைக்குப் போனால் பின்னேரம் வரைக்கும் எனக்குச் சுவாமிப் படங்களோடுதான் கதை. அவையும் உன்னைப் போலத்தான். கேட்கும், பதில் சொல்லாது.

குறை சொல்லவில்லை. தங்கமான பிள்ளை. தகப்பனுக்குக் கடைசி மூன்று வருடமும் மறதி வந்து, என்னைத் தன்னுடைய தாயின் பெயரால் கூப்பிடுவார். சப்பாத்தைக் கொண்டுபோய்க் குளிர்ப்பெட்டிக்குள் வைப்பார். குளிக்க வார்ப்பது, உடுப்புப் போடுவது எல்லாம் இவன்தான். முகம் சுளித்ததில்லை.

அப்படிப்பட்டவனுக்கு இந்தத் துவக்குப் பைத்தியம், வேட்டைப் பைத்தியம் எங்கேயிருந்து வந்தது என்று கேள்.

இந்தப் பள்ளத்தாக்கில் செப்டம்பர் கடைசி ஆனால் ஆம்பிளைகளுக்கு வேறு நினைப்பு இல்லை. எல்க் வேட்டை. நீ ஒஸ்லோப் பக்கத்துப் பிள்ளையாக இருக்கும், கண்டிருக்க மாட்டாய். மான்தான், ஆனால் எருமையைவிட உயரம். ஒரு தரம் எங்கள் முற்றத்தில் வந்து நின்று நான் போட்ட கரட் தோலைத் தின்றது. என்ன கண் தெரியுமோ? சாதுவான கண். நான் ஜன்னலுக்கு உள்ளே, அது வெளியே. கனநேரம் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அதைச் சுடத்தான் ஒன்பது பேர் சேர்ந்த குழு. அதற்குத் தலைவர் ஓட்வார் என்று ஒருவர், மர ஆலையில் இவனுக்கு மேலே இருப்பவர். அந்தக் குழுவில் சும்மா போய்ச் சேர ஏலாது. ஒருவர் விலகினால்தான் இன்னொருவருக்கு இடம். இவன் நாலு வருடம் காத்திருந்தான். அதற்கு வகுப்பு, அதற்குச் சோதனை, எல்லாம் அவர்களின் பாஷையில் எழுதிப் பாஸ் பண்ணினான். பேந்து ஒரு கிழவருக்கு முழங்கால் ஏலாமல் போக இவனைக் கூப்பிட்டார்கள். அன்றைக்குச் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் ஓடி வந்தான். "அம்மா, என்னைக் கூப்பிட்டிட்டாங்கள்! எனக்கும் ஒரு இடம் தந்திருக்கிறாங்கள்!" என்று என்னைப் பிடித்து உலுப்புகிறான். எனக்கென்றால் கோபம். அப்போதுதான் நிலம் துடைத்திருந்தேன். "முதல்ல சப்பாத்தைக் கழட்டடா" என்றேன்.

வேட்டை தொடங்குகிற நாளைப் பார். சரியாக நவராத்திரிக்குள் வந்து விழுகிறது. வீட்டில் கும்பம் வைத்து, மச்சம் மாமிசம் இல்லாமல் நான் ஒருநேரச் சாப்பாட்டில் இருக்கிறேன். "தம்பி, ஒரு பத்து நாள் பிந்திப் போகக் கூடாதோ?" என்று கேட்டேன். "அம்மா, அது அரசாங்கம் குறிச்ச நாள். எல்க்குக்கு நவராத்திரி தெரியாது" என்கிறான். "எனக்குத் தெரியுமேடா" என்றேன். சிரித்துக்கொண்டு போய்விட்டான்.

கோடை முழுக்கச் சுட்டுப் பழகினான். கிழமையில் இரண்டு நாள். முதலில் முப்பது வெடி பழக வேண்டும், பேந்து கடதாசியில் கீறின மிருகத்துக்கு ஐந்து வெடி, ஐந்தும் உரிய இடத்தில் பட வேண்டும். பட்டால்தான் வேட்டைக்கு விடுவார்கள். இவனுக்கு ஐந்தும் பட்டது. அந்தக் கடதாசியைக் கொண்டுவந்து எனக்குக் காட்டினான், பள்ளிக்கூடத்து றிப்போட் காட்டுகிற மாதிரி. ஐந்து ஓட்டையும் ஒரு தேத்தண்ணிக் கோப்பைக்குள் அடங்கும். முன்னங்காலுக்குப் பின்னால், நெஞ்சில்.

அதற்குப் பிறகுதான் ஒரு சனிக்கிழமை என்னையும் ஏற்றிக்கொண்டு ரவை வாங்கப் போனான். எனக்குப் பிறஷர்க் குளிசை எடுக்க வேண்டியிருந்தது, அப்படியே அந்தக் கடைக்கும். சுவர் முழுக்கத் தலைகள், பிள்ளை. கொம்பும் தலையுமாக. எல்லாம் என்னையே பார்க்கின்றன. உட்கார ஒரு கதிரை தந்தார்கள். எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் ஒரு தலைக்கு நேரேதான்.

இவனும் கடைக்காரரும் பெட்டி பெட்டியாக எடுத்து வைத்துக் கதை. இது பாரம், இது இலேசு. இது ஈயம், இது செம்பு. இறைச்சியை எல்லோரும் தின்னப்போவதால் ஈயம் வேண்டாம், செம்புதான் நல்லது என்று இவன். தூரமாகச் சுடப் போகிறாயா, பற்றைக்குள் கிட்டவா என்று அவர். முக்கால் மணித்தியாலம் போய்விட்டது. "என்னடா தம்பி இவ்வளவு நேரம்?" என்று கேட்டால், "நீங்கள் அக்காவின்ர கலியாணத்துக்குக் கூறைச்சேலை எடுத்த நேரத்தில கால்வாசிகூட ஆகேல்ல, பேசாமல் இருங்கோ" என்கிறான்.

கடைசியாக இரண்டு விதம் எடுத்தான். ஒன்று பழகிறதுக்கு, பயிற்சி ரவை. வெறும் பித்தளை நிறம், மலிவு. மற்றது வேட்டைக்கு. அதன் நுனியில் குங்குமம் வைத்த மாதிரிச் சின்னச் சிவப்பு. நான் சும்மாதான் கேட்டேன், இரண்டும் ஒரே துவக்குக்குத்தானே, ஏன் இரண்டு விதம் என்று. அவன் எனக்கு விளங்கப்படுத்தினான். பழகுகிற ரவையின் சன்னம், அதுதான் பறந்து போகிற நுனி, நேரே துளைத்துக்கொண்டு அப்படியே அந்தப் பக்கம் போய்விடுமாம். வேட்டைச் சன்னம் உள்ளே போய் விரியுமாம். "விரிய வேணும் அம்மா, அப்பதான்..." என்று இன்னும் ஏதோ சொன்னான். அதற்குள் அந்தக் கடைக்காரர், நல்ல மனிசன், கிழவி ஆசையாகக் கேட்கிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, மேசை லாச்சியைத் திறந்து ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

ஏற்கெனவே ஒரு மிருகத்துக்குள் போய் எடுத்த சன்னம், பிள்ளை. நாலு இதழும் விரிந்து வெளிப்பக்கம் வளைந்து கிடக்கிறது. செம்பில் செய்த பூ. ஒவ்வொரு இதழின் நுனியும் கத்தி. கையை இழுத்துக்கொண்டேன். அது நிலத்தில் விழுந்து உருண்டது.

எனக்கு அதற்குப் பிறகு அவர்கள் கதைத்தது ஒன்றும் கேட்கவில்லை. இது உள்ளே போய் இப்படி விரிந்தால் அந்தச் சீவன் என்ன பாடுபடும்? முற்றத்தில் நின்று கரட் தோல் தின்ற சீவன்.

என்னைத் துவக்குத் தெரியாத பொம்பிளை என்று நினைக்காதே. இந்த ஊர்க்காரர் எல்லாம் வருடத்தில் ஒரு மாதம் வெடிச்சத்தம் கேட்கிறவர்கள். நான் எத்தனை வருடம் கேட்டேன்! என் மனிசனுக்கே, ரூபனின் தகப்பனுக்கே, சூடு பட்டது. சண்டை நேரம், சந்தையால் சைக்கிளில் வரும்போது எங்கேயோ இருந்து வந்த சன்னம் தோளில் இந்தப் பக்கத்தால் போய் அந்தப் பக்கத்தால் வந்துவிட்டது. நேரான ஓட்டை. டாக்குத்தரே சொன்னார், "ஐயா, நல்ல சன்னம், நேர போயிட்டுது, நீங்கள் குடுத்து வைச்சனீங்கள்" என்று. மூன்று கிழமையில் சுகம். ஊசி போட்ட தழும்பு மாதிரி இரண்டு தழும்பு, அவ்வளவுதான். அதற்குப் பிறகு முப்பது வருடம் இருந்தார். ஷெல் துண்டு பட்டு உள்ளே கிழிந்தவர்கள்தான் போனார்கள்.

அப்போ எது நல்லது, எது கூடாதது என்று எனக்குத் தெரியாதா?

அந்தத் துவக்கும் ரவையும் கீழறையில் இரும்பு அலுமாரிக்குள் இருக்கும். அந்தப் பூட்டின் திறப்பு அவனிடம் மட்டும்தான் இருக்க வேண்டும், வேறு ஒருவர் கையும் படக் கூடாது என்று இங்கே சட்டம். அதை எனக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறான். சொல்லிவிட்டு அதைக் கொண்டுபோய் எங்கே வைத்தான் தெரியுமோ? சுவாமியறையில், பிள்ளையார் படத்துக்குப் பின்னால். கள்ளன் வந்தாலும் அங்கே தேட மாட்டானாம். கள்ளன் தேட மாட்டான் சரி, தினமும் அந்தப் படத்தைத் துடைக்கிறவள் யார்? எனக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரியாது. ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு வீடு தானாகத் துப்பரவாகிறது என்றுதானே நினைப்பு.

வேட்டைக்கு முதல்நாள் பின்னேரம், யார் யார் எங்கே நிற்பது என்று சீட்டு எடுக்க ஓட்வாரின் வீட்டுக்குப் போனான். போக முதல் இடுப்புப் பட்டியில் வேட்டை ரவையைச் செருகி, அந்த அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போனான். அது தோல் பட்டி, பிள்ளை, வரிசையாக ஆறு துளை. ரவையைத் தலைகீழாகத்தான் செருகுவது. மேலே பார்த்தால் பித்தளை அடி மட்டும் தெரியும், நுனி தெரியாது.

நான் தோய்ந்து, விளக்கு வைத்து, தேவாரம் படித்தேன். படித்துவிட்டுத்தான் திறப்பை எடுத்தேன். சிவப்பு நுனி ஆறையும் உருவினேன். பழகுகிற ரவை ஆறை அந்த இடத்தில் செருகினேன். அந்தச் சிவப்பு ஆறையும் பழகுகிற பெட்டிக்குள் போட்டு மூடினேன். பூட்டினேன். திறப்பைத் துடைத்துத் திரும்ப வைத்தேன். "அப்பனே, அதுக்குப் படாமல் விட்டால் நல்லது, பட்டாலும் நேர போகட்டும்" என்று கும்பிட்டேன்.

இதிலே எங்கே பாவம்? சொல்லு. ஓம், நீ சொல்ல ஏலாது.

விடிய இருட்டோடு போனான். இருட்டிலே, கையுறையோடு, பட்டியில் இருந்து எடுத்துத் துவக்குக்குள் போட்டிருக்கிறான். ஏழு மணிக்கு அது வந்ததாம். அறுபது மீற்றரில். நல்ல வெடி என்று மற்றவர்களே சொன்னார்களாம். ஆனால் அது விழவில்லை. ஒரு தரம் குனிந்து நிமிர்ந்து, காட்டுக்குள் ஓடிவிட்டது. இரத்தமும் இல்லை. நிலத்தில் ஒரு சொட்டு இருந்தால்தானே எந்தப் பக்கம் என்று பார்க்கலாம்? எங்கே போய்த் தேடுவது? வேட்டையை நிறுத்திவிட்டு ஒன்பது பேரும் நாயும் அன்றைக்கு இருளும் வரைக்கும் தேடினார்கள். அடுத்த நாளும் தேடினார்கள். காயப்பட்டதை விட்டுவிட்டு வேறு எதையும் சுடக் கூடாதாம்.

இரண்டாம் நாள் மத்தியானம் நாய் கண்டுபிடித்தது. சேற்று நிலத்தில், பாதி உடம்பு புதைந்து, தலையைத் தூக்கிக்கொண்டு கிடந்ததாம். ஓட்வார்தான் கிட்டப்போய்ச் சுட்டார். வெட்டிப் பார்த்தால், சுண்டுவிரல் நுனி அளவு ஓட்டை, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஓட்வார் இவனுடைய துவக்கையும் பட்டியையும் வாங்கி, மிச்சம் ஐந்து ரவையையும் எடுத்து, ஒரு மரக்குற்றியில் வரிசையாக நிறுத்தினாராம். ஒன்றிலும் சிவப்பு இல்லை. மற்ற ஏழு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். இறைச்சி ஒருவரும் எடுக்கவில்லை. பொலிசுக்கு அறிவிக்க வேண்டியது தலைவருடைய கடமை. அறிவித்தார்.

ரூபன் வந்து குசினி வாசலில் நின்றான். சேறு முழங்கால் வரைக்கும். சப்பாத்தைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் வந்தான், பாவம். "அம்மா, அது ரெண்டு நாள் உயிரோட கிடந்தது" என்றான்.

உனக்குச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் ஒரு ஆறுதல். பார், இரண்டு நாள் உயிரோடு இருந்திருக்கிறது! அந்தப் பூ விரிந்திருந்தால் அந்த இடத்திலேயே போயிருக்கும். பேசாமல் விட்டிருந்தால் என்னுடைய மனிசனைப் போலத் தப்பியிருக்கும். இவர்கள்தான் நாயைக் கொண்டுபோய்த் துரத்தி, சேற்றுக்குள் விழுத்தி... அதற்காகவும் ஒரு விளக்கு வைத்தேன்.

பொலிசு வந்து அலுமாரியைத் திறந்து பார்த்தார்கள். பழகுகிற பெட்டிக்குள் சிவப்பு நுனி ஆறும் இருக்கிறது. இவன் அதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறான். "நான்தான் மாத்தி வைச்சிருக்கிறன். வேற ஒருதரும் இதைத் தொடுறேல்ல" என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டான்.

அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்கிறாயா? எப்படிச் சொல்வது, பிள்ளை? அம்மா திறந்தாள் என்றால், திறப்பு அம்மாவின் கைக்கு எப்படி வந்தது என்பார்கள். துவக்கு முழுதாகப் போய்விடும், இனிமேல் வாழ்நாளில் இல்லை. இது அவசரத்தில் வந்த பிழை என்றால் ஒரு தண்டம், ஒரு வருடம் வேட்டை இல்லை, அவ்வளவுதான். ஓட்வாரே வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு இருந்து, கோப்பி குடித்துவிட்டுச் சொன்னார், "பிழை எல்லாருக்கும் வரும் ரூபன், உன்ர இடத்தை ஒருத்தருக்கும் குடுக்க மாட்டன்" என்று. ரூபன்தான் எனக்கு அதைத் தமிழில் சொன்னான். இதைவிட என்ன வேண்டும்? நான் வாயைத் திறந்தால் அந்த இடமும் போகும். திறக்காவிட்டால் இருக்கும். அப்போ திறக்காமல் இருப்பதுதானே தாய்க்கு அழகு?

இதிலே ஒரு நன்மையும் இருக்கிறது. இப்போது பின்னேரங்களில் வீட்டில்தான் இருக்கிறான். என்னோடு இருந்து சாப்பிடுகிறான். முந்தி என்றால் சுட்டுப் பழகப் போகிறேன், கூட்டம் இருக்கிறது என்று ஓடுவான்.

ஆனால் இப்போது புதிதாக ஒன்று பழகியிருக்கிறான். எல்லாவற்றையும் எழுதி ஒட்டுகிறான். அடுப்புக்கு மேலே ஒரு துண்டு, "நிப்பாட்டியாச்சு". வாசல் கதவில் ஒரு துண்டு, "பூட்டியாச்சு". பூட்டிவிட்டுக் காருக்குப் போய், திரும்ப வந்து இழுத்துப் பார்க்கிறான். போன கிழமை ஒருநாள் மேசையில் ரவை மாதிரிச் சின்னப் பென்சில் ஆறை வரிசையாக வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, கையால் தடவித் தடவி ஏதோ செய்து பார்க்கிறான். "என்னடா?" என்றேன். "அண்டைக்கு என்ர கை என்ன செய்தது எண்டு யோசிச்சுப் பாக்கிறன் அம்மா. சிவப்பைப் போட்டதுதான் ஞாபகம் இருக்கு. ஆறையும் பாத்துப் பாத்துப் போட்டன். அப்பாவும் இப்பிடித்தான், வைச்சனான் வைச்சனான் எண்டுதானே சொல்லுவார்?" என்றான்.

டாக்குத்தரிடம் தானே போயிருக்கிறான். வியாழக்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் தலைக்குப் படம் எடுக்கிறார்களாம். தகப்பனுக்கு வந்ததால் இவனுக்கும் நேரத்தோடே வரலாமாம். நான் நினைத்தேன், அதுவும் நல்லதுதான், உடம்பை ஒருக்கால் வடிவாகப் பார்த்துவிடட்டும்.

ஏன் அப்படிப் பார்க்கிறாய், பிள்ளை? கதைக்கத்தானே கூடாது, பார்க்கிறதுக்கு ஒரு அளவு இல்லையா?

எனக்குத் தெரியும். என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைக்கிறாய். நான் அந்தச் சீவனுக்கு இரக்கப்பட்டுச் செய்தேன். நேரே போய்விட்டால் தப்பலாம் என்று கண்ணால் கண்டபடியால் செய்தேன். என் மனிசன் தப்பினார்தானே? அவருக்குத் தோளில்...

தோளில் பட்டது.

தோளில் சதைதானே. இவன் சுட்டது நெஞ்சில். அந்தக் கடதாசியில் ஐந்து ஓட்டையும் நெஞ்சில்தானே இருந்தது.

நெஞ்சில் நேரே போனதும் நான் கண்டிருக்கிறேன். ஏன் இவ்வளவு நாளும் எனக்கு அது ஞாபகம் வரவில்லை? பக்கத்து வளவில் சுகந்தி என்று ஒரு பெட்டை, பதினாறு வயது. கிணற்றடியில் நிற்கும்போது பட்டது. சின்ன ஓட்டை. சட்டையில் இரத்தம்கூட அவ்வளவு இல்லை. நாங்கள் எல்லோரும் தப்பிவிட்டாள் என்றுதான் சொன்னோம். காலையில் பட்டது. பாதை பூட்டி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஏலவில்லை. என்னுடைய மடியில்தான் தலை. "மாமி, மூச்சு எடுக்கேலாமல் கிடக்கு, மாமி, நிமித்திப் பிடியுங்கோ" என்று. பின்னேரம் விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும், பிள்ளை. தலையைத் தூக்கித் தூக்கி.

ஒரு பகல். அந்தச் சீவனுக்கு இரண்டு நாள்.

கடையில் அவன் சொல்ல வந்தது அதுதானோ? "விரிய வேணும் அம்மா, அப்பதான்..." அப்போதுதான் நோகாமல் உடனே போகும் என்று.

தண்ணீர் வேண்டாம். வை. இரு, எழும்பாதே.

பொலிஸ் அனுப்பின கடிதத்தில் போட்டிருக்கிறதாம், தாய் என்றபடியால் மகனைப் பற்றி நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை என்று. ரூபன் வாசித்துக் காட்டினான். "ஒண்டும் சொல்ல விரும்பேல்ல எண்டு மட்டும் சொல்லிட்டு வாங்கோ அம்மா, ரெண்டு நிமிசத்தில முடிஞ்சிடும்" என்று காரில் வரும்போதும் சொல்லிக்கொண்டு வந்தான். நானும் அதைத்தான் சொல்வது என்று வந்தேன். சொன்னால் அவனுக்குத் துவக்கும் இல்லை, குழுவும் இல்லை, என்னோடு கதையும் இராது. அக்காவிடம் அனுப்பிவிடுவான், இல்லாவிட்டால் கிழடுகள் இருக்கிற அந்த மண்ணிறக் கட்டடத்துக்கு. அங்கே தமிழ் தெரிந்த ஒரு பூனைகூட இல்லை. சொல்லாவிட்டால் எல்லாம் இருக்கும். அவனுக்குத் தன்னுடைய புத்தியில் நம்பிக்கை மட்டும் இராது.

கதவு திறக்கிறது. அவள்தான். என் பெயரை என்ன பாடு படுத்துகிறாள், பார். சிவபாக்கியம் என்று சொல்ல அவ்வளவு கஷ்டமா?

ஒரு நிமிடம் என்று சொல்லு அவளுக்கு. ஒரே ஒரு நிமிடம். அதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லு. உள்ளே போனால் நீ அவளுக்குச் சொல்வாய், அவள் எழுதுவாள், பேந்து அந்தக் கடதாசி சுற்றிச் சுற்றி அவனிடம் போகும். அவன் அதை அவர்களின் பாஷையில் வாசிக்கக் கூடாது. இந்தப் போனில் பச்சை எது? சரி, சரி, அடிக்கிறது.

தம்பி. ஓம், அம்மாதான். இல்லை, இன்னும் உள்ளுக்குப் போகேல்ல. நீ காரை விட்டு இறங்கி வா. இல்லையடா, எனக்கு ஒண்டும் இல்லை. பிறஷர் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஓம், சொன்னனீ, ஞாபகம் இருக்கு. ஒண்டும் சொல்ல விரும்பேல்ல எண்டு சொல்லச் சொன்னனீ. கேள். வியாழக்கிழமை அந்தப் படம் எடுக்க நீ போகத் தேவையில்லை. ஏனெண்டால் உனக்கு மறதி ஒண்டும் இல்லை. நீ பாத்துப் பாத்துத்தான் போட்டனீ, தம்பி. ஆறும் சிவப்பு. எடுத்தது நான்.

ரூபன்?

ரூபன், கேக்குதோ?

போனில் நிற்கிறான், பிள்ளை. மூச்சு விடுகிற சத்தம் கேட்கிறது. கார்க் கதவு திறக்கிற சத்தம்தான் இன்னும் கேட்கவில்லை.